கட்டிக்குள் போடும் வைரஸ் ஊசி

"ஜீன் தெரபி வந்துடுச்சாமே டாக்டர், அப்பாவுக்குக் கொடுக்க முடியாதா?" புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது என்று சொன்னதும் வீட்டார் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியையும் காட்டுவார்கள். ஜீன் தெரபி, அதாவது ஜீனை மாற்றியோ சேர்த்தோ செய்யும் சிகிச்சை, வந்திருப்பது உண்மைதான். எந்தப் புற்றுக்கு, அது உடம்பில் எங்கே இருந்தால் என்று பார்க்க வேண்டும்.

மெலனோமாவை எடுத்துக்கொள்வோம். தோலின் நிறமி செல்களில் தொடங்கி வேகமாகப் பரவக்கூடிய புற்று. நம் ஊரில் அரிது; வந்தாலும் பலருக்கு உள்ளங்காலில் வருவதால், ஆணிக்கால் என்று விட்டுவிடுகிறார்கள். இதற்காக 2015 அக்டோபரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த ஊசிதான் டி-வெக். உதட்டோரம் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் வைரஸில் செய்தது. நரம்பு செல்களில் அது பெருக உதவும் ஜீனையும், நோய் எதிர்ப்பு செல்களிடமிருந்து ஒளிய உதவும் ஜீனையும் நீக்கிவிட்டு, ஜி.எம்.-சி.எஸ்.எஃப். என்ற புரதத்துக்கான மனித ஜீனைச் சேர்த்திருக்கிறார்கள். கட்டிக்குள்ளேயே ஊசி போட்டதும் வைரஸ் புற்று செல்லில் பெருகி அதை உடைக்கிறது. இந்தப் புரதம், உடம்பில் உளவு பார்க்கும் எதிர்ப்பு செல்களான டென்ட்ரிடிக் செல்களை அங்கே வரவழைக்கிறது. அவை சிதறிய துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய், போலீஸில் ஆளை அடையாளம் காட்டுவதுபோல தாக்கும் வேலையைச் செய்யும் எதிர்ப்பு செல்களான டி செல்களிடம் காட்டுகின்றன. அப்புறம் ஊசி படாத கட்டிகளையும் அந்த டி செல்கள் தேடிப்போய்த் தாக்கலாம்.

'தாக்கலாம்', அவ்வளவுதான். 436 பேர் பங்கேற்ற ஆய்வில், ஊசி போட்ட கட்டிகளில் 64 சதவீதம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கின. ஊசி போடாதவற்றில், தோலிலும் நிணநீர் முடிச்சிலும் இருந்த கட்டிகளில் அது 34 சதவீதம்; உள்ளுறுப்புகளில் வெறும் 15. அதனால் அறுவை செய்து அகற்ற முடியாத தோல், தோலடி, நிணநீர் முடிச்சுக் கட்டிகளுக்கு மட்டும்தான் அனுமதி. ஆயுளைக் கூட்டுவதாக நிரூபணமாகவில்லை என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி (எதிர்ப்பு சக்தியைத் தூண்டும்) மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்விலும் கூடுதல் பலன் நிரூபணமாகவில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் 'இந்திய ஜீன் தெரபி' வேறு. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 அது. நோயாளியின் டி செல்களை எடுத்து, ஜீன் சேர்த்துத் திருப்பி ஏற்றுவது. பி செல் என்ற இன்னொரு வகை எதிர்ப்பு செல்லில் வரும் சில ரத்தப் புற்றுகளுக்குத்தான். குடல், மார்பகப் புற்று ஈரலுக்குப் பரவியிருந்தால் அது உதவாது.

அதையும் மீறி யாராவது 'எதிர்ப்பு சக்தி செல் ஊசி' என்று லட்சக்கணக்கில் கேட்டால், சரி, ஆய்வா என்று கேளுங்கள். ஆய்வு என்றால், மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண் இருக்கும். ஆய்வு மருந்துக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கட்டுவதற்கு முன் பயாப்ஸி ரிப்போர்ட்டோடு உங்கள் புற்றுநோய் மருத்துவரை ஒருமுறை பாருங்கள்.