பெரிய களவாவில் சினை ஏன் இல்லை?

பாம்பன் தெற்குவாடியில் மீன் வெட்டித் தரும் அக்காவிடம் போய், "மீன் வேண்டாம் அக்கா, களவாவின் சினை மட்டும் போதும். பெரிய மீனில் மூன்று, சின்ன மீனில் மூன்று" என்றேன். அவர் கையை நிறுத்தாமலே சொன்னார்: "பெரிய களவாவில் சினை ஏது தம்பி? பால்தான் இருக்கும்." பால் என்றால் ஆண் மீனின் விந்துப் பை.

முதுகலை ஆய்வுக்காக ஒரு வாரம் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து நான் பார்க்க இருந்ததை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். களவா பெண்ணாகத்தான் முதிர்கிறது. சில ஆண்டுகள் முட்டையிட்டு உடல் பெருத்த பிறகு அவற்றில் பல ஆணாக மாறிவிடுகின்றன. கொடுவா இதற்கு நேர் எதிர். முதலில் ஆண், பிறகு பெண். அக்காவுக்குத் தெரியாதது, இது எப்படி நடக்கிறது என்பதுதான்.

பெரிய மீனில் பாலும் சின்ன மீனில் சினையுமாக ஆறு துண்டுகளும் கிடைத்தன. கூடவே நடுத்தர மீன் ஒன்றிலிருந்து சப்பையாக, அழுக்கு நிறத்தில் ஏதோ ஒன்றை எடுத்து, "இது சினையும் இல்லை, பாலும் இல்லை, எதற்கும் ஆகாது" என்று காசு வாங்காமல் போட்டார். எல்லாவற்றையும் அங்கேயே சிறு துண்டுகளாக நறுக்கி புவான் கரைசலில் போட்டேன். தாமதிக்க முடியாது. மீன் செத்த பிறகும் செல்லுக்குள் இருக்கும் நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. தான் இருந்த திசுவையே கரைக்கத் தொடங்கிவிடும். இந்த வெயிலில் இன்னும் வேகமாக. புவான் கரைசலில் உள்ள பிக்ரிக் அமிலமும் ஃபார்மால்டிஹைடும் அசிட்டிக் அமிலமும் அந்த வேலையை நிறுத்தி, திசுவை அப்படியே உறைய வைக்கின்றன. என் விரல்கள் வாரம் முழுக்க மஞ்சளாகவே இருந்தன. வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று விடுதியில் கேட்டார்கள்.

திசு ஊறும் நேரத்தில் ஹார்மோனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சினைக்குள் வளரும் ஒவ்வொரு முட்டையையும் இரண்டு அடுக்குச் செல்கள் போர்த்தியிருக்கின்றன. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி உத்தரவு அனுப்பியதும் வெளி அடுக்கு, ஆண் ஹார்மோன் என்று நாம் அறிந்த டெஸ்டோஸ்டிரோனைத் தயாரிக்கிறது. ஆம், பெண் மீனில்தான். உள் அடுக்கில் அரோமடேஸ் என்ற நொதி இருக்கிறது; அது டெஸ்டோஸ்டிரோனை வாங்கி ஈஸ்ட்ரடயால் என்ற பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது. ஈஸ்ட்ரடயால் ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் வைட்டெல்லோஜெனின் என்ற புரதத்தைச் செய்து ரத்தத்திலேயே திருப்பி அனுப்ப, அது முட்டைக்குள் மஞ்சள் கருவாகச் சேர்கிறது. நாம் ருசித்துச் சாப்பிடும் சினையின் சத்தில் பெரும்பங்கு கல்லீரலில் சமைத்தது.

இப்போது அரோமடேஸ் குறைந்தால்? ஈஸ்ட்ரடயால் சரிகிறது. டெஸ்டோஸ்டிரோன் வேறு வழியில் போய், மீன்களின் முக்கிய ஆண் ஹார்மோனான 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் ஆகிறது. முட்டைகள் சிதைந்து கரைய, விந்தணுச் செல்கள் பெருகுகின்றன. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் லெட்ரோசோல் என்ற மருந்து அரோமடேஸைத் தடுப்பது. அதைக் கொடுத்துக் களவாவை முன்கூட்டியே ஆணாக்கியும் பார்த்திருக்கிறார்கள். மனிதருக்கும் மீனுக்கும் இந்த விஷயத்தில் அவ்வளவு தூரமில்லை. 2010இல் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கடல் விராலை இந்தியாவில் முதன்முறையாகத் தொட்டியில் முட்டையிட வைத்தபோது ஊசியில் ஏற்றியது, மனிதக் கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோனைத்தான்.

சரி, திசு. ஆல்கஹாலில் படிப்படியாக நீரை எடுத்து, சைலீனில் தெளிய வைத்து, 60 டிகிரியில் உருகிய மெழுகில் ஊற வைத்துக் கட்டியாக்க வேண்டும். பிறகு மைக்ரோடோம், அதாவது கட்டியை மெல்லிசாகச் சீவும் கருவி. நான் கேட்டது 5 மைக்ரான் சீவல். ஒரு தலைமுடியின் தடிமனில் பத்துக்கு மேல் அடங்கும். சின்ன மீனின் சினை நாடாபோல வந்தது. நன்கு முற்றிய சினையோ பொட்டுக்கடலை மாவாக உதிர்ந்தது. மஞ்சள் கரு ஆல்கஹாலில் கல்லாக இறுகிவிடும். நான் சாப்பிடப் போய் அதை அதிக நேரம் ஊற வைத்துவிட்டேன். ஒரு பகல் முழுக்க வீண். கட்டியைப் பனிக்கட்டி மேல் கவிழ்த்து, புது பிளேடு மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிய பிறகு மூன்று சீவல் தேறியது.

ஹெமடாக்ஸிலின், ஈயோசின் என்ற சாயங்களை ஏற்றி வெள்ளிக்கிழமை மாலை நுண்ணோக்கியில் வைத்தேன். ஹார்மோன் அதில் தெரியாது. அது செய்துவிட்டுப் போன வேலை தெரியும். இளம் முட்டைகள் நீல ஊதா. முதிர்ந்தவற்றில் இளஞ்சிவப்பு உருண்டைகள், அதாவது கல்லீரலிலிருந்து வந்த சரக்கு. பெரிய மீனின் பாலில் கரும்புள்ளிகளாக விந்தணுத் தலைகள் மொய்த்தன. ஆனால் அந்த ஆண் உறுப்பின் நடுவே ஒரு வெற்றுக் குழி இருந்தது. ஒருகாலத்தில் முட்டைகள் உதிர்ந்து இறங்கிய சினைக் குழி அது. குழந்தைகள் வளர்ந்துபோன வீட்டின் உத்தரத்தில் தொட்டில் கட்டிய கொக்கி மட்டும் மிஞ்சியிருக்குமே, அப்படி.

பெரிய களவாவுக்கு விலை அதிகம், அதையே தேடிப் பிடிக்கிறார்கள். கடலில் ஆண்கள்தான் முதலில் குறைவார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது. கூட்டிலும் தூண்டிலிலும் வரும் களவாவுக்கு அது பெரிய காவல் இல்லை.

கடைசியாகத்தான் அந்த இனாம் துண்டை எடுத்தேன். ஒரே சீவலில் சிதைந்துகொண்டிருக்கும் முட்டைகள், அவற்றின் இடுக்குகளில் அப்போதுதான் முளைத்த விந்தணுச் செல் கூட்டங்கள். மாற்றத்தின் பாதி வழியில் பிடிபட்ட மீன். ஆறு துண்டுகளுக்குக் கொடுத்த காசு இதற்கே தகும்.

சனிக்கிழமை விடிவதற்குள் தெற்குவாடிக்குப் போய்விட்டேன். என்ன வேண்டும் என்று அக்கா கேட்டார். "எதற்கும் ஆகாதது இருக்கிறதா அக்கா?" என்றேன்.