சொல் விளக்கம்: பூட்டு நெரிசல்

கணினி வட்டில் கோப்புகளை ஒழுங்காக வைத்து எடுக்கும் கோப்பு முறைமையைப் பற்றித் தமிழில் பேசத் தொடங்கியதும் ஒரு சிக்கல் வருகிறது. மாற்றங்களை எழுதிவைக்கும் பதிவேட்டுக்கும் லாக் (log), ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டுமே அதைத் தொடும்படி காக்கும் பூட்டுக்கும் லாக் (lock). அந்தப் பூட்டுக்காகப் பல வேலைகள் ஒரே நேரத்தில் காத்து நிற்பது கன்டென்ஷன். ‘லாக்கோட லாக்குல கன்டென்ஷன்’ என்றால் ஏடு எது, பூட்டு எது? ஆங்கிலத்தில் எழுத்து காட்டும் வேற்றுமை நம் எழுத்தில் இல்லை. தமிழ்ச்சொல் இல்லாமல் இங்கே தெளிவாகப் பேச வழியில்லை.

முதலில் ஏடு. ஆங்கிலத்தில் இதற்கு ஜர்னல், லாக் என்று இரு பெயர்கள். ஜர்னல், ‘நாளுக்குரிய’ என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லின் வழியில் வந்தது. லாக், கப்பலின் வேகத்தை அளக்க முடிச்சிட்ட கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்த மரக்கட்டை. அந்த அளவை எழுதிய புத்தகத்துக்கும் பிறகு அதே பெயர். நம் பள்ளிக் கணக்குப்பதிவியலில் ஜர்னல் என்பது குறிப்பேடு. செட்டிநாட்டுப் பெட்டியடியில் இன்னும் சுருக்கமாகக் ‘குறிப்பு’. நடந்ததை நடந்த வரிசையில் குறிப்பில் எழுதி, பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். ஏற்றும் வேலை பாதியில் நின்றாலும் குறிப்பைப் பார்த்து நேர் செய்துவிடலாம். கோப்பு முறைமை செய்வதும் இதுவே. ஒரு கோப்பின் பெயரை மாற்ற வட்டில் பல இடங்களைத் திருத்த வேண்டும். நடுவில் மின்சாரம் போனால், அடுத்த முறை வட்டை இணைக்கும்போது குறிப்பேட்டைப் படித்து முடிக்கிறது. ‘முடிந்தது’ என்னும் முற்றுப் பதிவு இல்லாத பரிவர்த்தனையை (சேர்ந்தே நடக்க வேண்டிய மாற்றங்களின் தொகுதியை) விட்டுவிடுகிறது. ஆகவே ஜர்னலுக்குக் குறிப்பேடு என்பதே சரி.

அடுத்தது கன்டென்ஷன். ‘இழுத்துப் போராடு’ என்னும் லத்தீன் வினை அதன் வேர். ‘இழுபறி’ வேருக்கு ஒத்து வந்தாலும், இன்று முடிவு தெரியாத நிலையையே அது சொல்கிறது. ‘போட்டி’ என்றால் ஒருவர் வென்று மற்றவர் தோற்க வேண்டும். இங்கே யாரும் தோற்பதில்லை. எல்லாருக்கும் பூட்டு கிடைக்கிறது, காத்திருந்த நேரம்தான் வீண். அதனால் ‘பூட்டு நெரிசல்’ என்பதே எங்கள் தேர்வு.

நெரிசல் எங்கே உண்டாகிறது? குறிப்பேட்டில் இடம் ஒதுக்கும்போது, வரிசை எண் வாங்கும்போது, மாற்றத்தை நினைவகத் தாங்கிக்கு (பஃபர்) படியெடுக்கும்போது. செயலியின் 32 கோர்கள் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) ஒரே சுழல்பூட்டைக் கேட்டால், பூட்டு இருக்கும் தற்காலிக நினைவக வரி (கேச் லைன்) ஒவ்வொரு கோராகத் தாவிக்கொண்டே இருக்கும். காத்திருக்கும் கோர் தூங்குவதும் இல்லை, சும்மா சுழன்று வேலை நேரத்தைத் தின்கிறது.

இதற்கான தீர்வைக் காரைக்குடியின் மொத்தக் கடை ஒன்றை வைத்து விளக்கினால் எளிது. நான்கு பேர் ஒரே குறிப்புப் புத்தகத்துக்குக் கை நீட்டினால் மூவர் நிற்பார்கள். அவரவர் தன் சிட்டையில் எழுதிக்கொண்டு, பிறகு ஒருவர் சேர்த்துக் குறிப்பில் ஏற்றினால் யாரும் நிற்க வேண்டாம். லினக்ஸின் எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை சென்ற வழி இது. 2010இல் 2.6.35 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) மாற்றங்களை நினைவகத்தில் திரட்டி மொத்தமாக எழுதும் முறை வந்தது. ஒரே இனோடு (ஒரு கோப்பின் விவரக் குறிப்பு) நூறு முறை மாறினாலும் ஏட்டில் ஏறுவது கடைசி நிலைதான். 2022இல் 6.0 கெர்னலில் மாற்றங்களைத் திரட்டும் பட்டியலும் கோருக்கு ஒன்றாகப் பிரிந்தது. ஒவ்வொரு கோருக்கும் தனிச் சிட்டை! இஎக்ஸ்டி4 என்னும் இன்னொரு கோப்பு முறைமைக்குக் குறிப்பேடு எழுதும் ஜேபிடி2 வேறு வழியில் போனது: 2010இல், 2.6.36இல், குறிப்பேட்டின் நிலையைக் காக்கும் பூட்டைப் படிப்போர் பலர் ஒன்றாக நுழையக்கூடிய பூட்டாக மாற்றி, சில எண்ணிக்கைகளைப் பூட்டில்லாமலே பிழையின்றி மாற்றக்கூடிய அட்டாமிக் எண்களாக்கினார்கள்.

சிட்டைக்கும் விலை உண்டு. தனித்தனியாக எழுதியதால் வரிசை கலையும். ஏட்டில் ஏற்றுமுன் வரிசை எண் பார்த்து அடுக்கியாக வேண்டும். இடக் கணக்கும் கோர்தோறும் சிதறிக் கிடப்பதால் மொத்தம் தோராயம்தான். எல்லை நெருங்கும்போது கூட்டிப் பார்க்காவிட்டால், ஒதுக்கியதைவிட அதிகம் எழுதிக் குறிப்பேடு நிரம்பிவிடும். பூட்டைத் துண்டுகளாக்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இரண்டு பூட்டு எடுக்கும் இடமெல்லாம் ஒரே வரிசையில் எடுக்க வேண்டும். ஓரிடத்தில் மாறினாலும் இருவரும் ஒருவர் சாவிக்கு ஒருவர் காத்து நிற்கக்கூடும். சுழல்பூட்டைப் பிடித்தபடி வட்டுக்கு எழுதக் காத்திருப்பது எந்த நிலையிலும் கூடாது.

மந்தம் என்றதும் பூட்டைக் குற்றம் சொல்லிவிடவும் வேண்டாம். கோப்புகளை உருவாக்கும் சோதனையை 1, 2, 4, 8, 16 இழைகளில் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளில்) ஓட்டிப் பாருங்கள். வேகம் ஏறாமல் நிற்க, கெர்னல் நேரம் மட்டும் ஏறி, வட்டு சும்மா இருந்தால் நெரிசல். லினக்ஸின் ‘பெர்ஃப் லாக் கன்டென்ஷன்’ கட்டளை எந்தப் பூட்டு என்று காட்டும். வட்டு முழு வேலையில் இருந்தால் சிக்கல் எழுதும் இடத்தில். அப்போது குறிப்பேட்டை வேறு வேகமான வட்டுக்கு மாற்றுவதும், மாற்றத்துக்கு ஒரு எஃப்சின்க் அழைப்பு (வட்டில் உடனே எழுதச் சொல்வது) என்பதைத் தொகுதிக்கு ஒன்றாகக் குறைப்பதும் உதவும். பூட்டு நெரிசலில் வட்டை மாற்றிச் செலவழிக்கும் பணம் வீண்.