அழுகையை நிறுத்திய சிரப்

1905ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ஏதோ ஒரு வீடு. ஆறு மாதக் குழந்தைக்குப் பல் முளைக்கிறது. கூடவே பேதி. இரவெல்லாம் அழுகை. தாய் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ‘மிஸஸ் வின்ஸ்லோஸ் சூத்திங் சிரப்’ புட்டியை எடுத்து ஒரு தேக்கரண்டி புகட்டுகிறாள். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்குகிறது, பேதியும் நிற்கிறது. குழந்தை தூங்கிவிடுகிறது.

கலவையைச் சொல்லாமல் கடையில் விற்ற அந்தக் காலத்துப் ‘பேட்டன்ட் மருந்துகள்’ எல்லாம் வெறும் சர்க்கரைத் தண்ணீர், ஏமாற்று வேலை என்று பலர் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். சில அப்படித்தான் இருந்தன. ஆனால் வீடுவீடாக நிலைத்து நின்ற மருந்துகள் உடம்புக்குள் நிஜமாகவே ஏதோ செய்தன. இல்லையென்றால் அந்தத் தாய் இரண்டாவது புட்டி வாங்கியிருக்க மாட்டாள். அவை என்ன செய்தன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1849 முதல் விற்பனையான அந்தச் சிரப்பின் பழைய கலவையில், ஒரு அவுன்சுக்கு, அதாவது சுமார் 30 மில்லிலிட்டருக்கு, அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின் 65 மில்லிகிராம் இருந்தது. கணக்குப் போட்டால் ஒரு தேக்கரண்டிக்குச் சுமார் 11 மில்லிகிராம் வருகிறது. கடும் வலியில் துடிக்கும் பெரியவருக்கு இன்றைக்கு வாய்வழியாகக் கொடுக்கத் தொடங்கும் அளவே ஏறக்குறைய அதுதான்.

மார்ஃபின் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள், அதாவது ஏற்பிகள், மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கின்றன, குடலிலும் இருக்கின்றன. குடலில் ஒட்டும்போது அதன் அசைவு குறைந்து பேதி நிற்கிறது. மூளையில் ஒட்டும்போது வலி மங்கித் தூக்கம் வருகிறது. தாய் கண்ணால் பார்த்த இரண்டு குணமும் உண்மைதான். ஆனால் மூன்றாவதாக ஒன்று நடந்துகொண்டிருந்தது. ரத்தத்தில் கரியமிலவாயு ஏறும்போது ‘மூச்சு விடு’ என்று உத்தரவிடுவது மூளைத்தண்டு. மார்ஃபின் அதையும் மந்தமாக்குகிறது. அதோடு, மார்ஃபினை மாற்றி வெளியேற்ற வேண்டிய கல்லீரல் நொதிகள் கைக்குழந்தைக்கு இன்னும் முழுசாக வளர்ந்திருக்காது. முதல் தேக்கரண்டி உடம்பை விட்டுப் போகும் முன்பே அடுத்தது உள்ளே வந்துவிடும். நல்ல தூக்கம் என்று தாய் நினைத்தது, சில வீடுகளில் மூச்சு நின்றுபோவதாக முடிந்தது. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இந்தச் சிரப்பைக் குழந்தைகளைக் கொல்பவை என்ற பட்டியலில் சேர்த்தது.

இதில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. சில நாள் தொடர்ந்து கொடுத்துவிட்டு நிறுத்தினால், மார்ஃபினுக்குப் பழகிய குழந்தை ஓயாமல் அழும், பேதி போகும். எந்தத் தொல்லைக்காக மருந்து கொடுத்தாளோ அதே தொல்லை. மறுபடி புகட்டினால் உடனே சரியாகிவிடும். மருந்து நல்ல மருந்து என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி அந்தத் தாய்க்கு என்ன வேண்டும்? அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருக்க வழியும் இருந்தது. பேட்டன்ட் மருந்து என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. காப்புரிமை கேட்டால் கலவையை வெளியே சொல்ல வேண்டும். அதனால் பெயரையும் லேபிளையும் மட்டும் பதிவு செய்துகொண்டு, உள்ளே இருப்பதை ரகசியமாகவே வைத்தார்கள். ‘பெரூனா’ என்ற டானிக்கில் சுமார் 28 சதவீதம் ஆல்கஹால். சளி முதல் சோர்வு வரை எல்லாம் தீரும் என்று நம்பிக் குடித்தவருக்கு உடம்பு கதகதப்பானது நிஜம். பிரிட்டனில் 1909இல் மருத்துவச் சங்கம் ரகசிய மருந்துகளின் பகுப்பாய்வை வெளியிட்டபோது, பேர்பெற்ற பீச்சம் மாத்திரையில் மூசாம்பரம் (கற்றாழையின் உலர்ந்த சாறு), சுக்கு, சோப்பு ஆகியவையே இருப்பதாகத் தெரிந்தது. மூசாம்பரம் வயிற்றை இளக்கும். அதுவும் நிஜம்.

தலைவலிப் பொடிகளின் கதை வேதியியலாகப் பார்த்தால் இன்னும் ஆச்சரியமானது. அவற்றில் பலவற்றின் அடிப்படை, 1886இல் காய்ச்சல் மருந்தாக வந்த அசெட்டனிலைடு. சாப்பிட்டால் தலைவலி விட்டது. சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாரித்தன, இதயம் தடுமாறியது. ஏன் என்று சரியாகத் தெரிய 1948 வரை ஆனது. பிராடி, ஆக்செல்ராட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதைக் கண்டறிந்தார்கள். உடம்பு அசெட்டனிலைடின் பெரும்பகுதியை வேறொரு பொருளாக மாற்றுகிறது. வலியைக் குறைத்தது அந்தப் பொருள்தான்: இன்று நம் எல்லார் வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமால்! மிச்சத்தில் ஒரு சிறு பகுதி அனிலினாக மாறுகிறது. அனிலினிலிருந்து உண்டாகும் பொருள், ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை ஆக்சிஜன் ஏற்றிச் செல்ல முடியாதபடி கெடுத்துவிடுகிறது. நீல உதடு அதன் அடையாளம். ஒரே பொடி, உடம்புக்குள் இரண்டு பாதை. ஒன்று மருந்து, இன்னொன்று நஞ்சு.

இதே வீடுகளில் கடையில் வாங்காத வைத்தியமும் நடந்தது. நெஞ்சுச் சளிக்குக் கடுகுப் பற்று. ஒரு பங்கு கடுகுத் தூளோடு நாலைந்து பங்கு மாவைச் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, துணிக்கு நடுவில் தடவி நெஞ்சில் போடுவார்கள். காய்ந்த கடுகுத் தூளில் அவ்வளவு காரம் இருக்காது. தண்ணீர் பட்டதும்தான் மைரோசினேஸ் என்ற நொதி, சினிகிரின் என்ற பொருளை உடைத்துக் காரமான எண்ணெயை உண்டாக்கும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் நொதி செத்துவிடும், பற்று ஏறாது. வேதியியல் படிக்காத பெண்கள் விரலால் சூடு பார்த்தே அதைச் சரியாகச் செய்தார்கள். அந்த எண்ணெய் தோலின் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது, ரத்தக்குழாய்கள் விரிகின்றன, இதமாகச் சுடுகிறது. அந்த எரிச்சல் போகும் வழியிலேயே உள்வலியின் சேதியும் தண்டுவடத்துக்குப் போவதால், உள்வலி கொஞ்சம் அமுங்கிவிடுகிறது. நிமோனியாக் கிருமியை அது தொடாது.

இந்தப் பற்றிலும் ஆபத்து உண்டு, அதிக நேரம் விட்டால் கொப்புளம் போடும். ஆனால் அது எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து. அவ்வப்போது துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார்கள், தோல் நன்றாகச் சிவந்திருந்தால் எடுத்துவிடுவார்கள். சிரப்பில் அப்படித் தூக்கிப் பார்க்க ஓரம் எதுவும் இல்லை.

1906இல் அமெரிக்காவில் வந்த சட்டம் அதைத்தான் கொஞ்சம் மாற்றியது. மார்ஃபின், கோகெய்ன், ஆல்கஹால், அசெட்டனிலைடு போன்றவை இருந்தால், எவ்வளவு என்று லேபிளில் போட்டாக வேண்டும். விற்பதைத் தடுக்கவில்லை, எழுதச் சொன்னது, அவ்வளவுதான். அதற்கப்புறம் சில ஆண்டுகளில் அந்தச் சிரப்பிலிருந்து மார்ஃபினை எடுத்துவிட்டார்கள்.