கோழிவலை கோழிக்கு மட்டுந்தான் வேலி

காலையில் திறந்தால் கூண்டுக்குள் எட்டுக் கோழி செத்துக் கிடக்கிறது. கதவு பூட்டியபடியே இருக்கிறது. "வலையெல்லாம் நல்லாத்தான் கட்டியிருந்தோம் டாக்டர்." கால்நடை மருந்தகத்தில் இதைக் கேட்காத மாதம் கிடையாது. அடுத்து வரும் பேச்சும் மாறாது: "இனிமே மேய விடவே போறதில்ல." பகலில் மேய்ந்த கோழி பத்திரமாகத்தானே வீடு திரும்பியது? இராத்திரி நீங்கள் அடைத்து வைத்த இடத்தில்தானே செத்தது? தண்டனை மட்டும் மேய்ச்சலுக்கு!

முதலில் அந்த வலையைப் பார்ப்போம். கடையில் கோழிவலை என்று கேட்டால், அறுகோணக் கண் வைத்த மெல்லிய கம்பி வலையைச் சுருட்டித் தருவார்கள். பெயரில் கோழி இருப்பதால் கோழியைக் காப்பாற்றும் என்று நம்பிவிடுகிறோம். அது கோழி வெளியே போகாமலிருக்கச் செய்த வலை. வெளியிலிருந்து எதுவும் வராமலிருக்கச் செய்ததல்ல. கம்பியை முறுக்கிப் பின்னியிருப்பார்கள், பற்றவைத்திருக்க மாட்டார்கள். நாய் பல்லால் பிடித்து இழுத்தால் வளைந்து கிழிந்துவிடும். இரண்டு மழைக்காலம் போனால் தரையை ஒட்டிய பகுதி துருப்பிடித்து, கைபட்டாலே உதிரும்.

இன்னொன்றைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை: வலை கிழியாமலே கோழி சாகும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. தூங்கும்போது வலையில் சாய்ந்துகொள்ளும். பூனையோ மரநாயோ வலைக்கண் வழியாக நகத்தை மாட்டி, எட்டியதைப் பிடித்து இழுத்துக் கடிக்கும். தலையோ காலோ இல்லாத கோழி பூட்டிய கூண்டுக்குள் கிடப்பது இப்படித்தான். செய்வினை என்று யாருக்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

பழைய மீன்வலையைக் கட்டுவது இதைவிட மோசம். பெருச்சாளி ஒரே இரவில் கடித்துவிடும். பாம்பு அதில் சிக்கி உயிரோடு தொங்கும், அதை யார் எடுப்பது?

வாங்க வேண்டியது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த வலை. விலை கூடத்தான். தோட்டம் முழுக்க யாரும் போடச் சொல்லவில்லை, இரவுக் கூண்டுக்கு மட்டும் போடுங்கள். பத்துக் கோழி இரவில் அடைய 4 அடிக்கு 3 அடி கூண்டு போதும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால் கொடுத்து நிறுத்துங்கள். எலி ஏறாமலிருக்க ஒவ்வொரு காலிலும் தகரத்தைப் புனல்போல் கவிழ்த்துக் கட்டுங்கள். கூண்டு தரையிலேயே இருந்தால் சுற்றிலும் ஒரு அடி ஆழத்துக்கு மெஷ்ஷைப் புதையுங்கள், அல்லது வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்குப் படுக்கவைத்து மேலே மண்ணும் கல்லும் போடுங்கள். தோண்டுகிற நாய் சுவரோரத்தில்தான் தோண்டும், மெஷ் தட்டியதும் விட்டுவிடும். கோழி ஏறித் தூங்கும் பரண்கட்டையைக் கூண்டுச் சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி அமையுங்கள். கதவுக்கு ஒரு கொண்டி போதாது, மேலும் கீழும் இரண்டு போடுங்கள். கீழ்க்கொண்டி இல்லாத கதவின் அடிமூலை வளையும், அந்த இடைவெளி போதும். வெயிலுக்குப் பயந்து பாதி திறந்து வைப்பதும் வேண்டாம், பாதுகாப்பு என்று நாலு பக்கமும் தகரம் அடித்துக் கோழியை வேகவைப்பதும் வேண்டாம். கீழே ஒரு அடிக்குத் தகரம், அதற்கு மேல் மெஷ்.

கீரியைப் பற்றி ஒரு வார்த்தை. எது செத்தாலும் பழி கீரி மேல்தான் விழுகிறது. கீரி பகலில் திரியும் பிராணி. நள்ளிரவில் நடந்த கொலைக்கு மரநாய், காட்டுப்பூனை, தெருநாய், பெருச்சாளி இவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரே இடத்தில் இறகு வட்டமாகக் கொட்டிக் கிடந்தால் வல்லூறு போன்ற பறவை. உடல்கள் அங்குமிங்கும் இறைந்து, தின்னாமல் கடித்துப் போட்டிருந்தால் நாய். குஞ்சின் தலையும் கழுத்தும் எச்சிலில் நனைந்திருந்தால், பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் கக்கியது. முட்டை ஓடுகூட மிஞ்சாமல் காணாமற்போனால் பாம்பையோ உடும்பையோ நினையுங்கள்.

எதுவானாலும் விஷம் வைக்காதீர்கள். கீரி, உடும்பு, மரநாய் எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. கண்ணி வைத்தாலே வழக்கு. எலிமருந்து கலந்த தீனியை முதலில் கொத்தப்போவதும் உங்கள் கோழிதான்.

பகல் மேய்ச்சலுக்குச் சில விஷயம் போதும். நன்றாக விடிந்தபின் திறந்துவிடுங்கள். அதிகாலை நாலரைக்குத் திறந்துவிட்டுத் திரும்பப் படுக்கிறவர்கள், இருட்டு விலங்குக்கும் தெருநாய்க்கும் சாப்பாடு பரிமாறுகிறார்கள். வெட்டவெளியாக மேயவிடாதீர்கள். இருபது இருபத்தைந்து அடிக்கு ஒரு மறைவு இருக்கட்டும்: வாழைக்கன்று, தாழ்ந்த செடி, பழைய கயிற்றுக்கட்டில், ஒன்றரை அடி உயரத்தில் தென்னோலைப் பந்தல். வானத்தில் நிழலாடினால் சேவல் ஒரு மாதிரி கத்தும், தரையில் பூனை வந்தால் வேறு மாதிரி கத்தும். முதல் குரலுக்குக் கோழிகள் பதுங்கும், அதற்கு இடம் வேண்டும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலாவது இருக்கட்டும். கரிச்சான் கூடு கட்டிய மரம் தோட்டத்தில் இருந்தால் வெட்டாதீர்கள். அந்தச் சின்னப் பறவை பருந்தை விரட்டுகிற வேகம் எந்தப் பொம்மைக்கும் வராது. விறகு அடுக்கையும் செங்கல் குவியலையும் கூண்டிலிருந்து இருபதடி தள்ளி வையுங்கள். வனராஜா, நந்தனம் போன்ற கனத்த கோழிகள் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழிபோல் எழும்பிப் பறந்து தப்பாது. அவற்றுக்கு மறைவு கூடுதலாக வேண்டும்.

குஞ்சுகளைத் தாயை நம்பி விடாதீர்கள், தயவுசெய்து. காக்கைகூடத் தூக்கிப்போகும். ஆறு முதல் எட்டு வாரம்வரை பஞ்சாரத்துக்குள்தான். நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது சற்று நேரம் வெளியே விடலாம்.

இடையில் ஒன்று: "நாய் பிடித்த" கோழிகளில் எல்லாமே நாய் கொன்றதல்ல. வெள்ளைக்கழிச்சல் நோயில் துவண்டு கிடந்ததை நாய் சுலபமாக இழுத்துப்போயிருக்கும். தடுப்பூசி போட்டீர்களா என்று கேட்டால் உடனே மௌனம்! செத்ததை வேலியோரம் வீசுவதும் வேண்டாம். வாடைக்கு நாய் பழகும். அதில் வைக்கும் புழுவைத் தின்ற கோழிக்குக் கழுத்துத் துவண்டு விழும். மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

மாலையில் கோழியைத் துரத்திப் பிடிக்கவே வேண்டியதில்லை. புதிதாக வாங்கியதை முதல் பத்து நாள் கூண்டுக்குள்ளேயே வைத்தால் அதுதான் வீடு என்று பழகிவிடும். பிறகு தினமும் பொழுது சாய அரை மணி முன்னால், ஒரே தட்டைத் தட்டி, கூண்டுக்குள் ஒரு கோழிக்கு ஒரு சிறு கைப்பிடி கம்போ குருணையோ போடுங்கள், ஓடி வரும். எண்ணிப் பார்த்துப் பூட்டுங்கள். ஒன்று குறைந்தால் அன்றைக்கே தேடுங்கள். முருங்கைக் கிளையில் உட்கார்ந்திருக்கும், அல்லது புதரில் திருட்டு அடை படுத்திருக்கும்.

கல்யாணம், கோயில் என்று போய் இருட்டியபின்தான் திரும்புவீர்களா? அன்றைக்குக் கோழியைத் திறக்கவே வேண்டாம். நிழல் பார்த்து, தண்ணீரும் தீனியும் உள்ளேயே வைத்துவிட்டுப் போங்கள். ஒரு நாள் அடைந்து கிடப்பதால் எந்தக் கோழியும் செத்ததில்லை.