கைனேஸ்: இயக்கியா, ஏற்றியா?

சினிமா என்ற சொல்லும் கைனேஸ் என்ற நொதிப்பெயரும் ஒரே வேரில் முளைத்தவை. கிரேக்க மொழியில் 'கினெயின்' என்றால் அசைத்தல், நகர்த்தல். அதன் கடைசியில் நொதிகளுக்குரிய 'ஏஸ்' விகுதியைச் சேர்த்தால் கைனேஸ். இந்த வேரை நம்பித்தான் சிலர் 'இயக்கு நொதி' என்று தமிழாக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ருஷ்யாவில் உடலியலாளர் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில், செயலற்றுக் கிடக்கும் கணைய நொதியைத் தூண்டிவிடும் ஒரு பொருளைக் குடல்நீரில் கண்டு, அதற்கு 'என்டரோகைனேஸ்' என்று பெயர் வைத்தார்கள். அது புரதத்தை வெட்டும் நொதி. இன்றைய பொருளில் கைனேஸே அல்ல. 1927இல் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் மேயர்ஹோஃப், தசைச் சாற்றில் சர்க்கரைச் சிதைவைத் தொடங்கிவைத்த ஈஸ்ட் பொருளை 'ஹெக்சோகைனேஸ்' என்றார். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துச் சர்க்கரையில் பொருத்துவதுதான் அதன் வேலை என்பது பிறகு தெளிவானது. அதன்பின் பாஸ்பேட்டை இப்படி இடம் மாற்றும் நொதிகளுக்கெல்லாம் கைனேஸ் என்பதே பெயராக நிலைத்துவிட்டது. வேர்ப்பொருள் உதிர்ந்தது, ஒலி மட்டும் மிஞ்சியது.

இன்றைய பொருளைப் பார்க்க ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லுக்குள் போகலாம். இணைப்புத் திசுவில் கொலாஜன் நாரை உண்டாக்கும் செல் இது. நாரரும்பு செல் எனலாம். காயம்பட்ட இடத்தில் இரத்தத் தட்டுகள் ஒரு வளர்ச்சிக் காரணியை வெளியிடுகின்றன. அது செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் இரண்டை இணைக்கிறது. அந்த ஏற்பிகளே கைனேஸ்கள்தாம். ஒன்றிலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அங்கிருந்து செய்தி ராஸ் என்னும் புரதத்தின் வழியாக ராஃப், மெக், எர்க் என்ற மூன்று கைனேஸ்களுக்குப் போகிறது. ராஃப் மெக்கில் ஏற்ற, மெக் எர்க்கில் ஏற்றுகிறது. எர்க் விழித்துக்கொண்டால் உட்கருவில் மரபணுக்கள் சில தூண்டப்படுகின்றன. கொலாஜனை வெட்டும் நொதிக்கான மரபணுவும் அவற்றில் ஒன்று. நாரை உண்டாக்கும் செல்லே நாரை வெட்டவும் செய்கிறது!

இதுவரை 'இயக்கு நொதி' என்ற பெயர் பொருந்துவதுபோலத்தான் தோன்றும். ஆனால் இதே செல்லில் சார்க் என்றொரு கைனேஸ் உண்டு. அதன் வால்பகுதியிலுள்ள டைரோசினில் சிஎஸ்கே என்ற வேறொரு கைனேஸ் பாஸ்பேட்டை ஏற்றும்போது, சார்க் வாலை மடக்கிக்கொண்டு வேலையை நிறுத்திவிடுகிறது. 1911இல் பெய்டன் ரௌஸ் கோழிகளில் கண்டறிந்த புற்றுநோய் வைரஸிடம் இருப்பது அந்த வால் டைரோசின் இல்லாத சார்க். அதை நிறுத்த வழியில்லை. அந்த வைரஸ் தொற்றிய கோழிக்கரு ஃபைப்ரோபிளாஸ்ட்கள் உருண்டு திரண்டு கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. ஆக, சிஎஸ்கே சார்க்கை இயக்கவில்லை, அடக்குகிறது. அதைப் போய் 'இயக்கு நொதி' என்றால் படிக்கும் மாணவர் குழம்பமாட்டாரா?

என் தேர்வு 'பாஸ்பேட்டேற்றி'. இயக்கமோ தடையோ விளைவு எதுவாயினும், செய்யும் வேலையை அது சரியாகச் சொல்கிறது. எதிர்வேலை செய்யும் பாஸ்பேட்டேஸுக்கு 'பாஸ்பேட்டகற்றி' என்று இணைச்சொல்லும் கிடைக்கிறது. டைரோசின் பாஸ்பேட்டேற்றி, புரதப் பாஸ்பேட்டேற்றி என்று கூட்டுச்சொற்களும் தடையின்றி அமைகின்றன. பாஸ்பரஸைக் குறிக்கும் 'எரியம்' போன்ற தனித்தமிழ்ச் சொல்லை இதில் சேர்க்கலாமே என்பவர்கள் சேர்க்கட்டும். வேதியியல் வகுப்பில் பாஸ்பேட் என்றே படித்தவருக்கு அது இன்னொரு மொழிபெயர்ப்பைக் கேட்கும். கைனேஸை அடக்கும் புற்றுநோய் மருந்து பற்றி நோயாளிக்கு எழுதும் குறிப்பில் மட்டும் 'கைனேஸ் தடுப்பி' என்றே விட்டுவிடுவேன். மருத்துவர் வாயிலிருந்து அவர் கேட்கப்போவது அந்தச் சொல்லைத்தான்.