நோட்டுப் புத்தகம் ஊக்கம் தருவது எப்படி?

மும்பை தாராவியில் விடிகாலை இட்லி வேகிற நேரத்தில் போய், வியாபாரம் எப்படி என்று எந்த அண்ணாச்சியைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஏதோ ஓடுது தம்பி." ராத்திரி மாவாட்டி, விடியுமுன் வேகவைத்து, அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றும் பிழைப்பு அது. அதே ஆளிடம் ஆசை என்ன என்று கேளுங்கள். "அடுத்த தீபாவளிக்குள்ள மூணு லட்சம் சேத்து இன்னொரு கிரைண்டர் போடணும், கூட ரெண்டு பையன வைக்கணும்" என்று மளமளவென வரும். போய்ச் சேர வேண்டிய இடம் தெளிவாக இருக்கிறது. இன்று எங்கே நிற்கிறோம் என்பதுதான் "ஏதோ"வாக இருக்கிறது. சோம்பேறித்தனம் என்று நாம் திட்டிக்கொள்வதில் பெரும்பகுதி இந்த "ஏதோ"வின் விளைவு என்பதே என் எண்ணம்.

சார்ல்ஸ் கார்வர், மைக்கேல் ஷையர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1982-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். மனம் தான் இருக்கும் நிலையையும் அடைய விரும்பும் நிலையையும் ஓயாமல் ஒப்பிட்டு, இடைவெளியைக் குறைக்கப் பார்க்கிறது என்றார்கள். 1990-இல் அவர்கள் சேர்த்த பகுதி இன்னும் முக்கியமானது. நமக்கு உற்சாகமோ சோர்வோ வருவது அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டரை லட்சம் பாக்கி இருந்தும் வாராவாரம் குறைவதைக் காண்கிறவர் தெம்பாக இருப்பார். ஐம்பதாயிரம்தான் பாக்கி, ஆனால் மூன்று மாதமாக நகரவே இல்லை என்றால் மனுஷன் சுருண்டுவிடுவார்.

மூளையிலும் இதற்கு ஒத்த ஒன்று நடக்கிறது. வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளிவிடும் மூளைச் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அந்தச் செல்கள் துடித்தன. விளக்கு எரிவது போன்ற ஒரு குறிப்பு வந்த பிறகே சாறு வரும் என்று குரங்கு பழகிய பின், துடிப்பு அந்தக் குறிப்புக்கே மாறியது. குறிப்பு வந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே போனது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இந்தச் செல்கள் தெரிவிக்கின்றன என்று அவர் பீட்டர் தயான், ரீட் மான்டேகு ஆகியோருடன் 1997-இல் எழுதினார். குரங்கின் சாற்றிலிருந்து மனிதரின் தொழிலுக்குத் தாவுவது நீண்ட தாவல்தான். ஆனாலும் ஒன்றை யோசித்துப் பார்க்கலாம். பதினான்கு மாதம் தள்ளியிருக்கும் மூன்று லட்சம், இன்று செய்த வேலைக்கு இன்றே எந்தப் பதிலும் சொல்வதில்லை. அந்தப் பதிலை நாமே உண்டாக்க வேண்டியிருக்கிறது. தினக்கணக்கு எழுதும் நோட்டின் வேலை அங்கே தொடங்குகிறது.

முதலில், இலக்கு எப்படி இருக்க வேண்டும்? "முடிஞ்சவரை பாருங்க" என்பது இலக்கே இல்லை. எட்வின் லாக், கேரி லேதம் என்ற உளவியலாளர்கள் இருவரின் வாழ்நாள் ஆய்வே இதுதான். லேதமும் ஜேம்ஸ் பால்டஸும் 1975-இல் வெளியிட்ட ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஓக்லஹோமாவில் மரக்கட்டை ஏற்றும் லாரிகள், சட்டம் அனுமதிக்கும் எடையில் சுமார் 60 சதவீதம்தான் ஏற்றிக்கொண்டிருந்தன. முடிந்தவரை ஏற்றுங்கள் என்றுதான் அதுவரை சொல்லியிருந்தார்கள். பிறகு 94 சதவீதம் என்று ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். சில மாதங்களில் சுமை 90 சதவீதத்தை எட்டியது. அதற்காகக் கூலி எதுவும் கூட்டவில்லை. கடினமான, ஆனால் எட்டக்கூடிய எண் ஒன்று கண்ணுக்கு முன்னால் இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து, தூரம் கண்ணில் தெரிய வேண்டும். தினத்தண்டல் வாங்கியவர்களுக்கு அந்த அட்டை நினைவிருக்கும்: தினம் 100 ரூபாய், 100 நாள், 100 கட்டம். வட்டியைக் கணக்குப் போட்டால் வயிறு எரியும். நான் யாருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் பத்துப் பதினைந்து கட்டம் பாக்கி என்ற நிலை வந்ததும் எப்படியாவது முடித்துவிடத் தோன்றுகிறதே, அதற்கு ஒரு வரலாறு உண்டு. உணவை நெருங்க நெருங்க எலிகள் வேகமெடுக்கின்றன என்று கிளார்க் ஹல் 1930-களில் காட்டினார். மனிதர்களும் அப்படித்தான். ஜோசப் நூனெஸ், சேவியர் ட்ரேஸ் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், கார் கழுவும் இடத்தில் இரண்டு வகை அட்டை தரப்பட்டது. ஒன்றில் 8 கட்டம், எல்லாம் காலி. மற்றதில் 10 கட்டம், 2 ஏற்கெனவே நிரப்பியது. இரண்டிலும் செலவு ஒன்றே. காலி அட்டை வாங்கியவர்களில் 19 சதவீதமும், இரண்டு நிரப்பிய அட்டை வாங்கியவர்களில் 34 சதவீதமும் அட்டையை முடித்தார்கள்.

சிக்கல் நடுவில்தான். தொடக்கத்தின் வேகம் தீர்ந்து, முடிவு இன்னும் தெரியாத கட்டம். மின்ஜுங் கூ, ஆய்லெட் ஃபிஷ்பாக் இருவரின் ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டுகிறது: சேர்ந்தது, பாக்கி என்ற இரண்டில் சிறியதைப் பாருங்கள். முதல் பாதியில் எவ்வளவு சேர்ந்தது என்று எண்ணுங்கள், பாதியைத் தாண்டியதும் எவ்வளவு பாக்கி என்று எண்ணத் தொடங்குங்கள். மூன்று லட்சத்தையும் அப்படியே சுவரில் ஒட்டாமல், மாதக் கணக்காக உடைத்தால் நடு என்ற அந்த மந்தமான பகுதியே குறுகிவிடும்.

சரி, நோட்டில் எந்த எண்ணை எழுதுவது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். முதலில் தோன்றுவது அன்றைய வசூல். காலின் கேமரரும் சகாக்களும் 1997-இல் நியூயார்க் டாக்சி ஓட்டுநர்களின் கணக்கைப் பார்த்தார்கள். சவாரி நன்றாகக் கிடைத்த நாளில் பலர் சீக்கிரம் வண்டியை நிறுத்தினார்கள், மந்தமான நாளில் நெடுநேரம் ஓட்டினார்கள். இன்றைக்கு இவ்வளவு வந்தால் போதும் என்ற தினசரி வரம்பே காரணம் என்றார்கள். ஹென்றி ஃபார்பர் பின்னாளில் பெரிய தரவுகளுடன் இதை மறுத்தார், விவாதம் நடந்தது. ஆனால் சாலையோரம் கடை போட்ட யாருக்கும் அந்த ஆசை தெரியும். பதினோரு மணிக்கே ஆயிரம் விழுந்துவிட்டது, கடையைக் கட்டிவிடலாம். வாடிக்கையாளர் தேடி வரும் நாளும் அதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. மழை கொட்டி, பக்கத்து சயானில் தண்ணீர் நின்ற நாளின் வசூல் உங்கள் கையில் இல்லை. புதிதாக எத்தனை ஆபீஸ் வாசலில் கேட்டோம், வராத கடன் பாக்கியில் எவ்வளவு வசூலித்தோம், எத்தனை இட்லி மிஞ்சியது: இவை கையில் இருப்பவை. வசூலையும் எழுதுங்கள், ஆனால் வாரக் கணக்கில் பாருங்கள். தினம் கண்ணில் படவேண்டியது நீங்கள் நகர்த்தக்கூடிய எண்.

எழுதுவதால் உண்மையில் பயன் உண்டா? ஹார்கினும் சகாக்களும் 2016-இல் 138 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 20,000 பேரின் தரவை, ஒன்றாகப் பார்த்தார்கள். முன்னேற்றத்தைக் கண்காணித்தவர்கள் இலக்கை அதிகம் எட்டினார்கள். மனதில் வைக்காமல் பதிவு செய்தபோதும், இன்னொருவருக்குத் தெரியும்படி வைத்தபோதும் பலன் கூடியது. வீட்டில் ஒருவரிடமோ, சீட்டுப் போடுகிற நண்பரிடமோ வாரம் ஒருமுறை நோட்டைக் காட்டினால் போதும். ஆனால் வியாபாரம் சரிகிறபோதுதான் நோட்டைத் திறக்கப் பிடிக்காது. கணக்கைப் பார்க்காதவரை நஷ்டம் நடக்கவில்லை என்று மனம் நம்பப் பார்க்கும். பார்த்தே ஆகவேண்டிய வாரம் அது.

அதனால் எழுதுவதை அன்றைய மனநிலையிடம் விடக்கூடாது. எப்போது, எங்கே, எதை முடித்தவுடன் என்று முன்பே முடிவு செய்தால் செயல் தானே நடக்கும் என்று பீட்டர் கோல்விட்சர் காட்டினார். இது 94 சோதனைகளில் உறுதிப்பட்டது. "தினமும் கணக்கு எழுதுவேன்" என்பதைவிட "சைக்கிளை நிறுத்தியதும், பாத்திரத்தைக் கழுவுமுன் மிச்சத்தை எண்ணி எழுதுவேன்" என்பது பலமானது. பழக்கமாக எவ்வளவு நாள்? ஃபிலிப்பா லாலியின் 2010 ஆய்வில் நடுத்தரமாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் கெடவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு.

ஒரு மாதமே விட்டுப்போனால்? நாள்காட்டியில் புதிதாக எது தொடங்கினாலும் மனிதர்கள் இலக்கை மீண்டும் கையில் எடுக்கிறார்கள் என்று டாய், மில்க்மன், ரீஸ் மூவரும் 2014-இல் கண்டார்கள். வாரம், மாதம், ஆண்டு தொடங்கும்போதும் பிறந்தநாளுக்குப் பிறகும் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஆள் கூடுகிறது. மும்பையின் குஜராத்தி வியாபாரிகள் தீபாவளிக்குக் கணக்குப் புத்தகத்துக்குப் பூஜை போட்டுத் தொடங்குகிறார்கள், நம்மவர்களுக்குச் சித்திரை முதல் நாள் புதுக்கணக்கு. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற திங்கட்கிழமையும் கணக்கில் சேரும். புதுப் பக்கம் திருப்பி, மேலே தேதியைப் போட்டு, முதல் இரண்டு கட்டத்தை இதுவரை சேர்த்ததற்காக நிரப்பிக்கொண்டு தொடங்கலாம்.