ஆண்டு வரி கட்டலாமா என்று இப்போதும் கேட்கிறார்கள்

நான் சிட்னியில் கன்வேயன்சர், அதாவது வீடு வாங்கி விற்கும் ஒப்பந்த, பதிவு வேலைகளைப் பார்ப்பவன். முதல் வீடு தேடும் நம்மவர்கள் பலர், ஒப்பந்தத்தை அனுப்பும் முன்பே ஒரு கேள்வியை அனுப்பிவிடுவார்கள்: "அண்ணா, ஸ்டாம்ப் டியூட்டிக்குப் பதிலா வருஷா வருஷம் வரி கட்டலாமாமே?"

வீடு வாங்கும்போது ஒரே தடவையில் கட்டும் முத்திரை வரிதான் ஸ்டாம்ப் டியூட்டி. அதற்குப் பதிலாக ஆண்டு வரி கட்ட முடிந்தது, கொஞ்ச காலம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் டொமினிக் பெரொட்டே அரசு கொண்டுவந்த அந்தத் திட்டம் 2023 ஜனவரி 16 அன்று நடைமுறைக்கு வந்தது. மார்ச்சில் தேர்தல், ஆட்சி மாற்றம். கிறிஸ் மின்ஸ் அரசு ஜூன் 30 உடன் புதியவர்களுக்குக் கதவை மூடியது. முழுதாக ஆறு மாதம்கூட இல்லை.

ஆனால் அந்த இடைவெளியில் சேர்ந்தவர்களுக்கு இது முடிந்த கதை அல்ல. வீட்டை விற்கும்வரை ஆண்டு வரி தொடரும். அவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

15 லட்சம் டாலர் வரை விலையுள்ள வீட்டுக்கு இந்த வாய்ப்பு இருந்தது. தொடக்க விகிதம், நாமே குடியிருந்தால் 400 டாலரும் நிலமதிப்பில் 0.3 சதவீதமும். கவனியுங்கள், வீட்டின் விலையில் அல்ல, நிலத்தின் மதிப்பில். 10 லட்சத்துக்கு வாங்கிய யூனிட்டின் (அடுக்குமாடி வீட்டின்) பங்குக்கு நிலமதிப்பு 2 லட்சம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 1,000 டாலர்தான். அதே 10 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு, நிலமதிப்பு 7 லட்சம் என்றால் 2,500. அப்போது 10 லட்சத்துக்கு ஸ்டாம்ப் டியூட்டி சுமார் 40,000. வரி ஏறாது என்றே வைத்துக்கொண்டாலும், யூனிட்காரர் அந்தத் தொகையைத் தொட 40 வருஷம், வீட்டுக்காரருக்கு 16 வருஷம். இந்த வித்தியாசம் புரியாமல் "எல்லாரும் போடுறாங்க" என்று டிக் போட்டவர்களும் உண்டு. யூனிட் வாங்கியவர்களுக்கு அது நல்ல முடிவாகவே அமைந்தது என்பேன்.

சிக்கல் வேறு இடத்தில். வேலை மாறி மெல்பனுக்குப் போகிறோம், வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று நினைக்கும்போது விகிதமும் மாறுகிறது: தொடக்கக் கணக்கில் 1,500 டாலரும் நிலமதிப்பில் 1.1 சதவீதமும். மேலே சொன்ன யூனிட்டுக்கு 3,700. அந்த வீட்டுக்கு 9,200! வாடகைக்கு விடுமுன் இதைக் கணக்கில் சேருங்கள், மாநில வரி அலுவலகத்துக்கும் தகவல் சொல்லுங்கள். விற்றால் வாங்குபவர் தலையில் இந்த வரி ஏறாது. அவர் தன் பங்குக்கு ஸ்டாம்ப் டியூட்டி கட்டுவார்.

சரி, இப்போது வாங்குபவர்களுக்கு என்ன இருக்கிறது? 2023 ஜூலை 1 முதல், 8 லட்சம் டாலர் வரையிலான முதல் வீட்டுக்கு ஸ்டாம்ப் டியூட்டியே இல்லை. முன்பு இந்த வரம்பு ஆறரை லட்சம். 8 முதல் 10 லட்சத்துக்குள் சலுகை படிப்படியாகக் குறையும். 9 லட்சத்து வீட்டுக்குக் கிட்டத்தட்ட 20,000 வரும். 10 லட்சத்தை எட்டினால் சலுகை கிடையாது. சிட்னியில் தனி வீடு தேடுபவர்களுக்கு இது வலிக்கும். 15 லட்சம் வரை ஆண்டு வரி வாய்ப்பு இருந்தபோது அவர்களுக்கும் ஒரு வழி இருந்தது.

சலுகை பெற்றால் 12 மாதத்துக்குள் குடியேறி, தொடர்ந்து 12 மாதம் இருக்க வேண்டும். அப்புறம், யாழ்ப்பாணத்திலோ கோயம்புத்தூரிலோ உங்கள் பெயரில் வீடு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் வீடு வைத்திருந்தீர்களா என்பதுதான் கேள்வி.

ஆனால் அந்தக் கேள்வி உங்கள் துணைக்கும் சேர்த்துத்தான். ஒரு தம்பதி 7,80,000 டாலருக்கு வீடு பார்த்து, முகப்பு வண்ணம்வரை முடிவுசெய்துவிட்டு வந்தார்கள். படிவம் நிரப்பும்போது கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: கல்யாணத்துக்கு முன்பு அண்ணனோடு சேர்ந்து பெர்த்தில் ஒரு யூனிட் வாங்கி, இரண்டே வருஷத்தில் விற்றிருந்தார். மனைவிக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். ஸ்டாம்ப் டியூட்டி 30,000 டாலருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தெரிந்ததால், 7,20,000க்கு வேறு வீடு பார்த்து வாங்கினார்கள். அதற்கும் டியூட்டி கட்டித்தான்.